ஒரு பக்கம் இழுக்கும் பிரேக்

பிரேக்கை மிதித்த கணத்தில் கார் இடப்பக்கமாக இழுக்குமானால், குற்றம் இடச்சக்கரத்தில்தான் என்று கருதிவிடுவது சகஜம். ஆயினும், அந்தச் சக்கரம் தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, வலச்சக்கரத்தின் காலிப்பரில் துருவேறிய பிஸ்டன் நகராமலோ, எண்ணெய் படிந்து பிரேக் பேடு வழுக்கியோ, ரப்பர் ஹோஸ் உட்புறம் அடைபட்டோ பிடிப்புக் குன்றியிருப்பதே பெரும்பாலும் காரணமாகும்.

முதலில் இரு முன்சக்கரங்களின் காற்றழுத்தமும் சமமா என்று பாருங்கள். பிறகு சற்றுத் தூரம் ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்து நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் அதன் அருகே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள்: அனல் குறைந்த பக்கமே அநேகமாகப் பிடிக்காத பக்கம். பழுது ஒரு பக்கமே எனினும், பேடுகளை இரு பக்கமும் ஜோடியாகவே மாற்றுதல் அவசியம். இரு பக்கப் பிடிப்பின் சமநிலையை நம்பியே உயிர்கள் பிரயாணம் செய்கின்றன.