பையில் குட்டி சுமக்கும் விலங்குகள்



பூனை தன் குட்டியை வாயில் கவ்விச் செல்லும். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக் கொள்ளும். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்துச் சுமக்கும்.

பிறந்த கங்காருக் குட்டி எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு மொச்சைக் கொட்டை அளவுதான். எடை ஒரு கிராம்கூட இராது. கண் திறந்திருக்காது. ஆனாலும் அது தாயின் ரோமத்தைப் பிடித்து ஏறிப் பைக்குள் போய்விடும். அங்கே பால் குடித்துப் பல மாதம் வளரும்.

இப்படிப்பட்ட விலங்குகளைப் பைப்பாலூட்டிகள் என்பார்கள். உலகில் 300க்கும் அதிகமான வகைகள் உள்ளன. மூன்றில் இரண்டு பங்கு ஆஸ்திரேலியாவிலும், நியூகினியிலும், பக்கத்துத் தீவுகளிலும் வாழ்கின்றன. மீதி அமெரிக்காவில், பெரும்பாலும் தென் அமெரிக்காவில் உள்ளன. இந்தியக் காடுகளில் ஒன்றுகூட இல்லை.

நடுவில் பெரிய கடல். பிறகு எப்படி இரு பக்கமும் வந்தன? பல கோடி ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒட்டியிருந்தன. இன்று பனி மூடிய அண்டார்க்டிகாவில் அன்று காடு இருந்தது. அந்த வழியாகத்தான் அவை பரவின. அங்கே அவற்றின் புதைபடிவம் 1982இல் கிடைத்தது. இந்திய நிலம் அதற்கு வெகு காலம் முன்பே பிரிந்துவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. சிவப்புக் கங்காரு வறண்ட புல்வெளியில் மேயும். மரக் கங்காரு மழைக்காட்டு மரங்களில் வாழும். பை அகழெலி பாலைவன மணலுக்குள் வாழும். தென் அமெரிக்காவின் நீர் ஒப்போசம் ஓடைகளில் நீந்தி மீன் பிடிக்கும்.

நீலகிரியில் தைல மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாய்நாடு ஆஸ்திரேலியா. அங்கே கோலா என்ற விலங்குக்கு அந்த இன மரங்களின் இலைதான் உணவு. அந்தக் காட்டை வெட்டினால் கோலாவுக்குச் சோறும் இல்லை, வீடும் இல்லை. காடழிப்பு, வறட்சி, தீ, நோய் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்தன. கிழக்கு ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் கோலாவை அழியும் நிலையில் உள்ள விலங்கு என்று 2022இல் அரசு அறிவித்தது.

டாஸ்மேனியத் தீவில் பையுள்ள புலி ஒன்று இருந்தது. முதுகில் வரிகள் இருக்கும். ஆடுகளைக் கொல்கிறது என்று பழி சொன்னார்கள். கொன்றவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. பிறகு, 1936 ஜூலையில் அதைக் காக்கச் சட்டம் வந்தது. ஆனால், கடைசியாக அறியப்பட்ட புலி அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கூண்டில் செத்தது. சட்டம் வந்தது, விலங்கு இல்லை.

தாயின் பை குட்டியைக் காக்கும். காடுதான் தாயைக் காக்கும். காட்டைக் காப்பது மனிதர் கையில் இருக்கிறது.