இருளில் எறிந்த சொல்



உலகப் பேரழிவுக்குப் பின்னும் நம்பிக்கை பேசும் இளையோர் நாவல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஜீன் டுப்ராவ் 2003இல் வெளியிட்ட ‘எம்பர் நகரம்’. மண்ணுக்கடியில் ஒரு நகரம். மின்விளக்கன்றி அங்கு வேறு ஒளியில்லை. மின்னாக்கி பழுதுற்று வருகிறது. கிடங்கில் உணவும் குறைகிறது. பன்னிரண்டு வயதுடைய லீனாவும் டூனும் வழி தேடுகின்றனர்.

நகரை அமைத்தோர் வெளியேறும் முறையை எழுதிப் பெட்டியில் வைத்தனர். ஏழாம் மேயரின் தன்னலத்தால் பெட்டி மறைந்தது. நெடுங்காலத்துக்குப் பின் கிடைத்த தாளையோ லீனாவின் குழந்தைத் தங்கை மென்றுவிட்டாள். செல்லரித்த சுவடியைப் படிப்பார் போல, எஞ்சிய எழுத்துகளைக் கூட்டிச் சிறுவர் பொருள் காண்கின்றனர்.

கவிஞர்கள் கருதத்தக்கது இங்கேதான் உள்ளது. படகும் மெழுகுவத்தியும் தீக்குச்சியும் காத்துக் கிடக்கின்றன. அச்சொற்கள் எவற்றைக் குறிப்பன என்று அறிந்தவர் எவருமில்லை. மேலுலகை இழந்த துயர் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று, முதல் தலைமுறை முதியோர் அவ்வுலகைப் பற்றிப் பேசாதிருந்தனர். மேயரின் தன்னலம் தாளை மறைத்தது. முதியோரின் அன்போ சொற்பொருளையே மறைத்தது. இரண்டாவதே பெரிய இழப்பு.

மேலே வந்து முதல் விடியலைக் கண்ட சிறுவர், தாம் பிழைத்தது போதுமென்று அமையவில்லை. கீழே நகர விளக்குகள் தெரியும் பிளவினூடே, வழியை எழுதிக் கல்லொடு கட்டி எறிகின்றனர். நகரில் நடந்து செல்லும் ஒரு பெண்ணின் முன் அது விழ, கதை முடிகிறது. அவள் படிப்பாளா, ஊரார் நம்புவரா என்று ஆசிரியர் அங்கே சொல்லவில்லை. எழுதுவோர்க்கு வாய்த்த நம்பிக்கையும் அவ்வளவே; அது சிறிதன்று.