நோய்க் கணக்கை நாமே ஆராய வேண்டும்

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் புகுந்துவிட்டது என்பதை 1986-இல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும்தான். ரத்த மாதிரிகளை வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார்கள். இந்த நோய் இங்கே வராது என்று பெரியவர்கள் பலர் பேசிய காலம் அது. நம்மவரே தேடினார்கள்; உண்மை வெளிவந்தது.

2004-இல் அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த மருந்தை ஆயுள் முழுதும், ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் வேலை முடிந்ததும் பிழைப்புத் தேடி வேற்றூர் போகிற தொழிலாளி என்ன செய்வார்? 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. மருந்து நின்றது எப்போது, ஏன்? பஸ் கட்டணமா, மேஸ்திரியின் கெடுபிடியா, ஊரார் பேச்சுக்கு அஞ்சியா? இதைக் காட்டுவது ஒழுங்கான நோயாளர் பதிவேடு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்வதே ஒரு தனி விஞ்ஞானம்.

ஏழை நாட்டுக்கு இது எட்டாது என்பார்கள். கென்யாவைப் பாருங்கள்! 2001-இல் அங்கே மொசோரியட் என்னும் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் சேர்ந்து கம்ப்யூட்டர் பதிவேட்டைத் தொடங்கின. அந்த அனுபவத்திலிருந்து 2004-இல் 'ஓப்பன் எம்.ஆர்.எஸ்.' பிறந்தது. யாரும் விலையின்றி எடுத்து, தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் கருவி மட்டும் போதாது. கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆட்கள் உள்நாட்டிலேயே உருவாக வேண்டும். இல்லையேல் தகவல் நம்முடையது, ஆராய்ச்சி அயலாருடையது என்றாகிவிடும்.

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. பெரியார் பல்கலைக்கழகமும் உண்டு. மருத்துவ மாணவரும் புள்ளியியல் மாணவரும் கம்ப்யூட்டர் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து, சேர்வராயன் மலைத் தொழிலாளியின் பிரச்சினையை ஏன் ஆராயக்கூடாது?

எச்சரிக்கை ஒன்று. நோயாளியின் பெயர் தோட்ட நிர்வாகத்தின் காதுக்குப் போனால், அந்தப் பதிவேடே அவர் வயிற்றில் அடிக்கும் ஆயுதமாகிவிடும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பதிவேடுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. வேலைக்குச் சேர இந்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. சங்கம் விழித்திருக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று: பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சிக்கு அரசுப் பணம், நோயாளியின் ரகசியத்துக்கு முழுக் காவல், ஆராய்ந்த முடிவுகள் தமிழில் இந்த மலைக்கே திரும்பி வருதல். மேலே போகிற கணக்கு, மருந்தாகவும் அறிவாகவும் கீழே வரட்டும்!