கல்விச்சாலையும் சமயப் பற்றும்

திருச்சிற்றம்பலம்.



சேர்வராயன் மலையுச்சியிலே, குகைக்குள்ளே, சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். மலைவாழ் மக்கள் வழிவழியாக வழிபட்டு வரும் தலம் அது. அம்மலையின் மடியிலேயே, இந்த ஏற்காட்டிலே, கிறித்தவத் துறவியர் நிறுவிய கல்விச்சாலைகளும் விளங்குகின்றன. கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளி அவற்றுள் ஒன்று.

'பிற சமயத்தார் பள்ளியிற் பயின்றால் நம் பிள்ளைகளின் சமயப் பற்றுக் குன்றிவிடாதோ?' என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். 'பற்று என்பதே வேண்டா. அது இல்லையேல் பகையும் இராது' என்பார் வேறு சிலர். இவ்விருவர்க்கும் ஒரு பெரியாரது வரலாறே விடையாகும்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் தோன்றிய ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அப்பணிக்குப் பெருந்துணை புரிந்தவர் அவரே. அதே காலத்தில் சைவ நூல்களையும் ஆகமங்களையும் ஆழ்ந்து கற்றார். விவிலியத்தைச் சொற்சொல்லாக ஆராய்ந்தவரது சிவபக்தி தளர்ந்ததா? இல்லை, உரம் பெற்றது. 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரிடம் கண்ட பள்ளி முறையையும் அச்சுத் தொழிலையும் சைவத்துக்கு ஆக்கினார். அவர் பிற சமயத்தாரோடு கடுமையாக வாதிட்டார் என்பதும் உண்மையே. ஆயினும் அறியாது பழித்தாரல்லர், அறிந்தே வாதிட்டார்.

அறிந்து பேசுதல் நம் சித்தாந்த மரபு. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் பதினான்கு மதங்களை எடுத்து ஆராய்கின்றது. முதலில் அம்மதத்தார் கொள்கையைக் கூறி, அதன் பின்னரே மறுக்கின்றது. பிறர் கூற்றை முழுதும் கேளாதவனுக்கு அதனை மறுக்கும் உரிமை இல்லை என்பதன்றோ இதன் குறிப்பு? மேலும், எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் சிவபெருமானே என்பது நம் துணிபு. அங்ஙனமாயின், உடன் பயிலும் மாணவன் முழந்தாளிட்டுச் செபிக்கையில் நகைக்கும் சைவப் பிள்ளை யாரை இகழ்கின்றான்? அவ்வழிபாட்டை ஏற்கும் இறைவனையே இகழ்கின்றான். திருநீற்றைக் கண்டு நகைப்பவன் பிழை செய்வது போலவே இவனும் பிழை செய்கின்றான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்நெறிக்கு அரணாகின்றது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியிலே, பெற்றோர் இசைவின்றி எந்தச் சிறுவனையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு விதிக்கின்றது. இது சைவப் பிள்ளைக்குக் கிறித்தவப் பள்ளியிலே காப்பு. நாம் நடத்தும் பள்ளியிலே கிறித்தவ, இசுலாமியப் பிள்ளைகளுக்கும் காப்பு. நமக்கு வேண்டும் உரிமையைப் பிறருக்கு மறுத்தல் அறமாகாது.

ஆதலின் பெற்றோரே! பள்ளியைப் பழித்துப் பயனில்லை. சட்டம் கட்டாயத்தைத் தடுக்கும், பக்தியை ஊட்டாது. அது இல்லத்தின் கடமை. நாள்தோறும் விளக்கேற்றியபின் பிள்ளையை அருகிருத்தி ஒரு தேவாரப் பதிகம் ஓதுவியுங்கள். அதன் பொருளையும் உணர்த்துங்கள். ஆணிவேர் ஆழ்ந்த மரம் காற்றுக்கு அஞ்சுவதில்லை. தன் நிழலில் ஒதுங்குவோரைச் சமயம் வினவுவதுமில்லை. நம் பிள்ளைகள் அத்தகையராய் வளர இறைவன் அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.