தலைக்கணக்கும் தெருவும்



ஒரு நாட்டின் சனத்தொகையைக் கோடிக்கணக்கிற் கூறுதல் எளிது. அம்மக்கள் எத்தகைய ஊர்களில் வாழ்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். கிராமங்களோ ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல, ஐந்நூறு பேர்தாமும் வாழாத சிற்றூர்கள். அத்தகைய ஊரின் தலைக்கணக்குக்கும் அதன் தெருவுக்கும் உள்ள தொடர்பே இன்றைய பேச்சின் பொருள்.

2000ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் திகதி, பிரதம மந்திரி கிராமத் தெருத் திட்டத்தை இந்திய மத்திய அரசு தொடக்கியது. மாரியிலும் கோடையிலும் வண்டி செல்லக்கூடிய தெரு இல்லாத குடியிருப்புகளுக்கு அதனை அமைத்துக் கொடுப்பதே நோக்கம். தெரு பெறும் தகுதியைத் தலைக்கணக்கே தீர்மானித்தது. சமவெளியாயின் 500 பேர். மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளாயின் 250 பேர் இருத்தல் வேண்டும்.

இவ்விதியை இகழ்தல் தகாது. பொருள் அளவுடையது, ஊர்களோ மிகப் பல. எங்கேனும் ஓர் எல்லை வகுத்தே ஆகவேண்டும். இத்திட்டத்தால் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் தெருவைக் கண்டன. அருகருகே உள்ள சிறு குடியிருப்புகளை ஒன்றாக எண்ணவும் விதி இடங்கொடுத்தது.

ஆயினும், 490 பேர் தனித்து வாழும் ஊரின் நிலை யாது? அங்கும் பிள்ளைகள் படிக்கவேண்டும். கருவுற்ற பெண் வைத்தியசாலையை அடையவேண்டும். தெரு இல்லையேல் இயன்றவர் வெளியேறுவர், முதியோர் எஞ்சுவர். ஊர் மேலும் சிறுக்கும். தெரு கேட்கும் தகுதியும் அதனோடு குறையும். உத்தராகண்ட மாநிலத்தில், 2011க்குப் பின் 734 கிராமங்கள் குடியற்றுப் போயின என்று அம்மாநில ஆணைக்குழு 2018இல் அறிவித்தது. அங்கு பிழைப்பின்மையே தலையாய காரணம். கல்விக் குறைவும் வைத்தியக் குறைவும் அதற்கு அடுத்தவை. தூரம் இம்மூன்றையும் பெருக்குவது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பீகாரின் கயா மாவட்டத்தில் கெலோர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூருக்கும் வைத்தியசாலைக்கும் இடையே குன்றொன்று நின்றது. நிலமற்ற கூலித் தொழிலாளியான தசரத் மாஞ்சி, தம் மனைவி வைத்திய உதவி எட்டாது துன்புற்றமை கண்டு, சுத்தியலும் உளியும் கொண்டு அக்குன்றை உடைக்கத் தொடங்கினார். 1960 முதல் 1982 வரை, 22 ஆண்டுகள் உழைத்து, ஏறக்குறைய 360 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள வழியொன்றை வெட்டினார். 55 கிலோமீற்றர் சுற்றுவழி 15 கிலோமீற்றராகச் சுருங்கியது. அவர் 2007இற் காலமானார். அவரைப் போற்றுவது முறையே. எனினும், ஓர் ஊரின் வழி ஒரு மனிதரின் வாழ்நாளை விலையாகக் கேட்டது என்பதையும் மறத்தலாகாது.

தெரு அமைந்தாற் போதுமா? அதில் ஊர்தி ஓடவும் வேண்டும். அதே பீகாரில் 2006ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பிற் சேரும் மாணவியருக்குத் துவிச்சக்கர வண்டி வாங்க அரசு பணம் வழங்கியது. உயர்நிலைப் பாடசாலையில் ஆண், பெண் இருபாலாரின் சேர்க்கைக்கும் இடையிலிருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது. பாடசாலை தொலைவில் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுந்து காணப்பட்டது. பள்ளி இடம்பெயரவில்லை, தூரமே சுருங்கியது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டா.

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில், மேலும் 25,000 குடியிருப்புகளுக்குத் தெரு அமைக்க மத்திய அரசு இசைந்தது. அப்பொழுதும் அளவுகோல் தலைக்கணக்கே. அதுவும் 2011ஆம் ஆண்டின் கணக்கு. அதனை அடியோடு நீக்குக என்பது என் கருத்தன்று. எத்தனை பேர் வாழ்கின்றனர் என்ற வினாவோடு, பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் எத்தனை நாழிகை நடக்கின்றனர் என்ற வினாவையும் சேர்த்தல் வேண்டும். முதல் வினா ஊரின் அளவைக் காட்டும். இரண்டாவது வினாவே அதன் தேவையைக் காட்டும்.