‘ஒரு பிஸ்டன் அடிக்கல’ என்றால், எந்தப் பிஸ்டன்?



‘பழைய காரை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?’ என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் காப்புறுதி, சாலை வரி, மாதத் தவணை என்று கணக்குப் போட்டார்கள். நான் இஞ்சின் பக்கம் வருகிறேன். காரணம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் கணக்குப் பார்த்துக் காரை விற்பதில்லை. “இஞ்சின் போச்சு, ஓவர்ஹால் செய்யணும்” என்று பட்டறையில் ஒரு வார்த்தை காதில் விழுந்ததும், பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வார்த்தைக்கு முன்னால் கார் என்ன சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். “நின்றால் நடுங்கும், ஏற்றத்தில் இழுக்காது, ஒரு பிஸ்டன் அடிக்கல” என்பார்கள்.

காமிரா முன் நிற்பதுதான் என் தொழில். ஸ்பேனர் பிடிப்பது அல்ல. ஆனாலும் ஒரு நிகழ்ச்சிக்காகப் பல பட்டறைகளில் மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

புரோட்டோன் வீராவை எடுத்துக்கொள்வோம். 1993-இல் வந்த கார். இன்றும் நம் தாமான்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 1.5 இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். கார் சும்மா நிற்கும்போது இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்க வேண்டும். அதாவது ஒன்றுக்கு 400, நான்குக்கும் சேர்த்து 1,600 வெடிப்பு. இதில் ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 400 வெடிப்பு காணாமல் போகிறது. நடுங்காமல் என்ன செய்யும்? கஞ்சில் காருக்கு இருப்பதே மூன்று. அதில் ஒன்று படுத்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையே ஆடும்.

வெடிப்பதற்கு மூன்று தேவை: நல்ல தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், அதை நெருக்கும் அழுத்தம். முதல் இரண்டும் கெட்டால் பெரும்பாலும் வெளியிலிருந்தே சரி செய்யலாம். மூன்றாவது கெட்டால்தான் இஞ்சினைப் பிரிக்கும் பேச்சு வர வேண்டும். நடப்பது என்ன? முதல் இரண்டையும் முறையாகச் சோதிக்காமலே மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள்.

என் சித்தப்பாவின் கதை இதுதான். சுங்கை சிப்புட்டில் இருக்கிறார், 1998-ஆம் ஆண்டு வீரா. வாரத்துக்கு மூன்று நாள் சித்தியை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் வண்டி அது. நொண்ட ஆரம்பித்ததும் ஒரு பட்டறையில் பிளக் மாற்றினார்கள். சரியாகவில்லை. பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். இல்லை. இக்னிஷன் காயில் மாற்றினார்கள். அதுவும் இல்லை. கடைசியில், “அங்கிள், எல்லாம் மாத்தியாச்சு, இனி இஞ்சினைத்தான் இறக்கணும். 2,800 வெள்ளி ஆகும்” என்றார்கள். சித்தப்பா காரை விற்கவே தயாராகிவிட்டார். விற்றால் அடுத்த திங்கட்கிழமை சித்தியை யார் கொண்டுபோவது?

வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேள்வி கேட்டார். “எப்ப நொண்டுது? காலையிலா, மத்தியானமா? மழை பெய்த மறுநாளா? ஏற்றத்திலா, சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதா?” மழை பெய்த மறுநாள் காலையில்தான் அதிகம் என்றார் சித்தப்பா. அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

இந்தக் கேள்விகள் பாதி வேலையை முடித்துவிடும். ஈரத்தில் நொண்டினால் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. ஏற்றத்தில் மிதிக்கும்போது நொண்டினால் பலவீனமான தீப்பொறி அல்லது போதாத பெட்ரோல். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பொறி தாவுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. நிற்கும்போது மட்டும் நொண்டி, ஓடும்போது சரியாகிவிட்டால், எங்கோ ரப்பர் குழாயில் காற்றுக் கசிவு இருக்கலாம். நம் ஊர் வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் அந்தக் குழாய்கள் அப்பளம்போல் நொறுங்கிப்போகும். காலையில் முதல்முறை கிளப்பும்போது நொண்டி, வெள்ளைப் புகையும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்துதான் என் தலைப்பில் உள்ள கேள்வி: எந்தச் சிலிண்டர்? இஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, மாட்டிப் பார்த்தார் அந்த அண்ணன். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் இஞ்சின் இன்னும் தடுமாறும். முதலாவது, தடுமாறியது. இரண்டாவது, தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவன் விடுப்பு எடுத்தால் யாருக்குத் தெரியும்? மூன்றாவதுதான் குற்றவாளி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மெக்கானிக்குகள் சிலர் ஓடும் இஞ்சினில் பிளக் வயரையே பிடுங்கிப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். ஆளையும் தூக்கி அடிக்கும், காயிலையும் கெடுக்கும். இன்ஜெக்டரைக் கழற்றுவதானாலும் துப்பட்டா, கைச்சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. கார்புரேட்டர் வண்டிகளில் இந்தச் சோதனையைப் பட்டறைக்காரரே தக்க கருவி வைத்துச் செய்யட்டும்.

மூன்றாவது சிலிண்டர் என்று தெரிந்தபிறகும் அவர் எதையும் வாங்கச் சொல்லவில்லை. இஞ்சின் ஆறியபின் மூன்றாவது பிளக்கையும் முதலாவது பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டார். நொண்டல் முதலாவதுக்குப் போயிருந்தால் பிளக் கெட்டது என்று பொருள். போகவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. பிறகு பின்புறம் இருட்டாக்கி, வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தார். மூன்றாவது வயரின் ரப்பர் தொப்பியிலிருந்து நீலப் பொறி பக்கத்து இரும்புக்குத் தாவியது, மின்மினிப் பூச்சி மாதிரி. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே முடிபோல ஒரு கறுப்புக்கோடு. அதுவும் மின்சாரம் திருட்டுவழியில் போன தடம். வயர் செட், மூடி, ரோட்டர் மூன்றும் மாற்றினோம். 200 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

வயர் மாற்றுபவர்களுக்கு ஒரு சொல்: ஒன்றைக் கழற்றி, அதை மாட்டியபின் அடுத்ததைத் தொடுங்கள். வீராவின் வெடிப்பு வரிசை 1-3-4-2. நான்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டு வரிசையை மறந்தால் இல்லாத நோயை நீங்களே வரவழைத்ததாகும்.

மைவி வைத்திருப்பவர்கள் “எங்கள் கார் புதுசு” என்று சிரிக்க வேண்டாம். 2005-இல் வந்த முதல் மைவிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அதில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது; ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனிக் காயில். கணினிக் கருவி மாட்டி P0302 என்ற குறியீடு வந்தால் இரண்டாவது சிலிண்டர் என்று அர்த்தம். உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். இரண்டாவது காயிலை மூன்றாவதில் போட்டுப் பாருங்கள். குறியீடு P0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். காயிலைத் தூக்கும்போது குழியில் எண்ணெய் தேங்கி நின்றால் மேல்மூடிப் பக்கத்து ரப்பர்கள் போய்விட்டன. அதைச் சரி செய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறித்தான் போகும்.

இஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும், “நாளைக்குப் பார்ப்போம்” என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாக இறங்கி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அதை மாற்றும் செலவு பிளக், காயில் எல்லாவற்றையும் விடப் பெரிது. இந்த நிலையில் ஒற்றைவழிச் சாலையில் லாரியை முந்தப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சரி, பொறியும் பெட்ரோலும் நன்றாக இருந்தும் நொண்டினால்? அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால், அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். வால்வும் கேஸ்கெட்டும் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை. அதற்காக முழு இஞ்சினையும் இறக்கத் தேவையில்லை.

அந்த நான்கு எண்களைக் காட்டாமல் ஓவர்ஹால் என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு இன்னொரு பட்டறைக்குப் போங்கள். எண்களைக் காட்டி, ரிங் தேய்ந்துவிட்டது என்று சொன்னால், காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று எனக்கு முன் பேசியவர்கள் போட்ட கணக்கை அப்போது போடலாம்.