மரவேலைக்காரர் ஒருவரின் இல்வாழ்க்கை
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"இல்லறமும் தொழிலும்" என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் என்னைக் கேட்டுக் கொண்டனர். பெரிய தத்துவங்களை எடுத்து விரிக்க எனக்கு ஆற்றல் போதாது. ஆகையால் ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் நம் நாட்டவரல்லர். நம் மொழி பேசியவருமல்லர். ஆயினும் அவருடைய வாழ்க்கை நம் வீட்டுத் திண்ணைகளிலே நாள்தோறும் எழும் ஒரு கேள்விக்கு விடை தருகின்றது.

கலியாணம் பேசப்படும் வீட்டிலே முதலிற் கேட்கப்படுவது யாது? "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்பதுதானே! "தச்சு வேலை" என்று விடை வந்தால், பேச்சு அவ்வளவில் நின்றுவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நானும் அவ்வாறு பேச்சை நிறுத்தியவர்களுள் ஒருவன் என்பதை இச்சபையிலே மறைக்க விரும்பவில்லை.

நான் சொல்லவந்த மனிதரின் பெயர் சாம் மலூஃப். அமெரிக்காவில், கலிபோர்ணியா மாநிலத்துச் சினோ என்னும் ஊரிலே 1916ஆம் ஆண்டு தை மாதம் பிறந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள்; பிள்ளைகள் பலர். சிறுவனாயிருந்தபோதே, தாயார் பாண் சுடுகையில் அதனைப் புரட்டுவதற்கென்று அகன்றதொரு மரத்துடுப்பைச் செதுக்கிக் கொடுத்தாராம். தச்சுப் பாடசாலை எதற்கும் அவர் சென்றதில்லை. கண்ணும் கையுமே அவருக்கு ஆசிரியர்கள்.

1941இல் அவர் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். 1945 வரை சேவை செய்தார். அக்காலத்தில் ஒரு பகுதியைக் குளிர் மிகுந்த அலாஸ்காப் பக்கத்திலே கழித்தார். யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர், ஓவியர் மிலாட் ஷீற்ஸ் என்பவரிடம் உதவியாளராக அமர்ந்தார். மாதந்தோறும் சம்பளம் வரும் வேலை. நம்மவர் பார்வையிலே குறைசொல்ல முடியாத நிலை.

1948இல் அல்பிரீடா என்னும் மங்கையை மணந்தார். அவரும் கலை பயின்றவர். அமெரிக்க ஆதிக்குடிகளின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையிலே கைப்பணித் துறையில் வேலை பார்த்தவர். புதுமணத் தம்பதிகளுக்கு வீடு இருந்தது, தளபாடம் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. மலூஃப் என்ன செய்தார்? பிறர் வேண்டாமென்று எறிந்த ஒட்டுப்பலகைகளையும் பெட்டிப் பலகைகளையும் பொறுக்கிவந்து, தம் கையாலேயே மேசையும் கதிரையும் செய்தார். வீட்டுக்கு வந்தவர்கள் கண்டு வியந்தனர். ஒரு சஞ்சிகையிலே அவற்றின் படங்களும் வெளியாயின. "எங்களுக்கும் செய்து தருவீர்களா?" என்று கேட்கத் தொடங்கினர்.

அன்பர்களே, இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய இடம் வருகின்றது. சம்பள வேலையை விட்டு மரவேலையை நம்பி இறங்குவதா என்னும் கேள்வி அந்தச் சிறு குடும்பத்தின் முன் நின்றது. மணமாகிச் சிறிது காலமே ஆகியிருந்தது. இத்தகைய வேளையிலே எத்தனை வீடுகளில் மனைவியின் கண்ணீரும் மாமனாரின் கோபமும் அந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளிவிடும்! அல்பிரீடாவோ கணவனின் கையை நம்பினார். மலூஃப் வேலையை விட்டார். ஆரம்ப வருடங்களில் வருமானம் சொற்பம். கணக்கெழுதுவதும், கடிதங்களுக்கு விடையெழுதுவதும், வாடிக்கைக்காரருடன் பேசுவதும் மனைவியின் பொறுப்பாயின. ஒருவர் மரத்தைக் கவனித்தார். மற்றவர் அந்த மரவேலை நின்றுபோகாமற் கவனித்தார். ஹென்றி டிரைபஸ் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் தம் வீட்டுக்குத் தளபாடம் செய்யும்படி கேட்டமை அவர்களுக்கு முதற் பெரிய ஊக்கமாயிற்று.

1953இல் அல்ட்டா லோமா என்னும் மலையடிவாரத்து ஊரிலே, எலுமிச்சைத் தோட்டம் ஒன்றினுள் அவர்கள் குடிபுகுந்தனர். அங்கே மலூஃப் ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினார். கையிற் பணம் வரும்போது ஓர் அறை. மீண்டும் வரும்போது இன்னோர் அறை. இப்படிப் பல்லாண்டுகள் வீடு வளர்ந்தது. கதவுகளின் தாழ்ப்பாள்களைக்கூடக் கடையில் வாங்காமல் மரத்திலே தாமே செதுக்கினார். வேறு கைவினைஞர்கள் செய்த மட்பாண்டங்கள், நெசவுகள், கூடைகள் ஆகியவற்றையெல்லாம் தம்பதிகள் இருவரும் ஆசையோடு சேர்த்து அவ்வீட்டிலே வைத்தனர்.

அவருடைய வேலைமுறையைச் சிறிது சொல்லவேண்டும். வால்நட் மரத்தை அவர் பெரிதும் விரும்பினார். யந்திர வாளிலே பலகையைப் பிடித்து, கண் மதிப்பினாலேயே வளைவுகளை அறுப்பார். அதன்பின் அரத்தாலும் சீவுளியாலும் செதுக்கி, கை வைத்தால் எங்கும் முனை தட்டாதபடி தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார். மூட்டுக்களை அவர் ஒளித்து வைப்பதில்லை. காலும் இருக்கைப் பலகையும் ஒன்றையொன்று கவ்விநிற்கும் இடம் எல்லோரும் காணும்படி வெளியே தெரியும். நேர்மையாகச் செய்த வேலைக்கு மறைப்பு எதற்கு? எண்ணெயும் மெழுகும் கையாலேயே பூசப்படும். அவருடைய பெயரை உலகறியச் செய்தது அவர் செய்த ஆடுகதிரை. மெல்லிய மரத்தகடுகளைப் பல அடுக்காக ஒட்டி வளைத்த நீண்ட கால்களின்மேல் அக்கதிரை அசையும். அமெரிக்க ஜனாதிபதிகளாயிருந்த கார்ட்டர், றேகன் ஆகிய இருவரிடமும் அவர் செய்த ஆடுகதிரைகள் இருந்தன.

புகழ் வந்தபின் பெருந்தொழிற்சாலைகளும் வந்தன. அவருடைய மாதிரிகளை ஆயிரக்கணக்கிற் செய்து விற்கும் வாய்ப்புகளை அவர் ஏற்கவில்லை. தம் கை படாத கதிரைக்குத் தம் பெயர் எதற்கு என்பது அவர் எண்ணம். உதவிக்குச் சிலரை மாத்திரம் வைத்துக்கொண்டு, தம் பட்டறையிலேயே வேலை செய்தார். ஒரு கதிரைக்காக மக்கள் வருடக்கணக்கிற் காத்திருந்தனர். 1985இல் மக்காதர் நிதியத்தின் பெரும் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் கைவினைஞர் அவரே. கலைஞர் என்று பலர் புகழ்ந்தபோதும், தம்மை "மரவேலைக்காரன்" என்று சொல்லிக்கொள்வதையே அவர் விரும்பினார். அது நேர்மையான சொல் என்பது அவர் கருத்து.

1998இல் அல்பிரீடா காலமானார். ஐம்பது ஆண்டு இல்வாழ்க்கை முடிவுற்றது. அதே காலத்திற்றான் புதிய நெடுஞ்சாலையொன்று அந்த எலுமிச்சைத் தோட்டத்தை ஊடறுத்து வந்தது. பாதுகாக்கத் தகுந்த வீடென்று முன்னரே மதிப்பிடப்பட்டிருந்தமையால், அதனை இடித்துத் தள்ளாமல், பகுதி பகுதியாகப் பெயர்த்துச் சில மைல் தூரத்திலே மீண்டும் நிறுத்தினர். இன்று அது பொதுமக்கள் சென்று பார்க்கும் இடமாக உள்ளது. மனைவியையும், அவருடன் வாழ்ந்த மண்ணையும் சில வருடங்களுக்குள் இழந்த அந்த முதியவர் உளியைக் கீழே வைக்கவில்லை. 2001இல் மறுமணஞ் செய்துகொண்டார். தொண்ணூறு வயதைக் கடந்தும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். 2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே, தமது 93ஆவது வயதிற் கண்மூடினார்.

படைவீரர் ஒருவரை நினைவுகூரும்போது அவர் நின்ற போர்முனையைச் சொல்லுவது உலக வழக்கம். மலூஃப்பை நினைப்பவர்களோ அவர் செய்த கதிரையிலே அமர்ந்து, அதன் கைப்பிடியைத் தடவிப் பார்க்கிறார்கள். நல்ல கணவன் என்பதற்கும் அவர்கள் வேறு சாட்சி தேடவேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து வளர்த்த வீடு இன்றும் நிற்கின்றது.

முடிக்குமுன் என் வீட்டுச் சமாசாரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் என் இளைய மகன், தச்சு வேலை பழகப் போவதாகச் சொன்னான். நான் சினந்தேன். "படிப்பித்தது இதற்காகவா?" என்று கேட்டேன். இரண்டு கிழமை அவனோடு பேசவில்லை. ஒருநாள் மனைவி, அவன் செய்த சிறு பலகைக்கட்டையைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "கோபத்தை விட்டிட்டு இதில ஒருக்கால் இருந்து பாருங்கோ" என்றாள். இருந்து பார்த்தேன். நாலு காலும் நிலத்திலே சரியாகப் பதிந்திருந்தன. ஆட்டமில்லை. மறுநாள் நானே கடைக்குச் சென்று அவனுக்கு ஓர் உளி வாங்கி வந்தேன்.

வாலிபர்களே, எல்லோரும் தச்சராகுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தொழிலை எடுத்தாலும் அதன் மூட்டுக்கள் வெளியே தெரியும்படி நேர்மையாகச் செய்யுங்கள். பெரியோர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த முறை மாப்பிள்ளையின் உத்தியோகத்தைக் கேட்குமுன், அவன் கை செய்த வேலையை ஒருதரம் பாருங்கள்.